அடிக்கடி காய்ச்சல் வரும் பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் நின்றுவிடுமா?

ஏழு வயது மகனுக்கு ஓராண்டாக மூட்டு வீக்கமும் காய்ச்சலும் இருப்பதாகவும், உயரம் கூடவில்லை என்றும் எழுதி, நோய் எதிர்ப்பு மண்டலம், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியைத் தாக்கி வளர்ச்சி ஹார்மோனை நிறுத்திவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

நான் மருத்துவன் அல்லன். காரைக்குடிப் பக்கம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று பின்னூட்டமிடப் போகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டு இடலாம்.

எங்கள் வீட்டில் பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்து முடிந்ததும், பிள்ளைகளைத் தேக்கு நிலையோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போடுவது வழக்கம். பேத்தியின் ஆறாம் வயதுக் கோட்டுக்கும் ஏழாம் வயதுக் கோட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. “ஆயா வீட்டு வாகு, பிறகு வளருவாள்” என்றார் அவளுடைய அப்பத்தா. ஆனால் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் ஏறும். தோளில் இளஞ்சிவப்புத் தடிப்பு தோன்றி, காய்ச்சல் இறங்கியதும் மறைந்துவிடும்.

ஒரு மருத்துவமனையில் காலை பத்து மணிக்கு ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்து, ஹார்மோன் குறைவு என்று சொல்லித் தினசரி ஊசி எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து மாதம் போட்டோம். அந்த ஹார்மோன் விட்டு விட்டு, அதிலும் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் சுரப்பது. சுரந்தபின் சுமார் 20 நிமிடத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். நன்றாக வளரும் பிள்ளைக்கும் பகல் பத்து மணிக்கு அளவு அடிமட்டத்தில்தான் இருக்கும். இதைப் பாடமாக நடத்திய நானே அன்று வாய் திறக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிட்யூட்டரிக்குள் ஹார்மோன் சுரக்காத, நட்சத்திர வடிவச் செல்களும் உண்டு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்னும் மூலக்கூறை அவையும் உண்டாக்குகின்றன. 1980களின் இறுதியில், எலியின் பிட்யூட்டரி செல்களைத் தட்டில் வளர்த்து அம்மூலக்கூறைச் சேர்த்தபோது வளர்ச்சி ஹார்மோன் வெளியீடு கூடியதே தவிரக் குறையவில்லை. இன்டர்ஃபெரான்-காமா என்னும் இன்னொரு நோய் எதிர்ப்பு மூலக்கூறோ இதற்கு நேர்மாறாகச் சுரப்பை அடக்கியது. ஆகவே நோய் எதிர்ப்பு மூலக்கூறுகள் அனைத்தும் பிட்யூட்டரியை முடக்கும் என்று சொல்ல முடியாது.

பெரும்பாலும் தடை விழுவது கல்லீரலில். இன்டர்லூக்கின்-6 அங்கே சாக்ஸ்-3 என்ற புரதத்தைத் தூண்ட, அது வளர்ச்சி ஹார்மோனின் சமிக்ஞையை மறித்து, எலும்பை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 உற்பத்தியைக் குறைக்கிறது. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், பிட்யூட்டரி எழுதிய உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு, ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. கல்லீரல்தான் பணம் தர மறுக்கிறது. இன்டர்லூக்கின்-6 மிகையாகச் சுரக்கும்படி உருவாக்கிய சுண்டெலிகளில் 1997இல் கண்டதும் இதுவே: ஹார்மோன் இயல்பு, ஐஜிஎஃப்-1 குறைவு, உடல் குட்டை.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியே வீண் என்று நான் சொல்லவில்லை. உண்மையான குறைபாட்டுக்கு அது வேண்டும்; மூட்டழற்சியுள்ள சில பிள்ளைகளுக்கும் நிபுணர்கள் கொடுப்பதுண்டு. ஆனால் ஊசிக்குச் சம்மதிக்குமுன் ஐஜிஎஃப்-1, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி இரண்டையும் பார்த்தார்களா, மருந்து கொடுத்து ஹார்மோனைச் சுரக்க வைத்து அளக்கும் தூண்டல் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை தருகிறீர்களானால் அதையும் சொல்லுங்கள். அதுவும் உயரத்தைத் தடுக்கும்.

மதுரையில் ஒரு மூட்டுநோய் நிபுணர் பேத்திக்கு இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்து, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார். அடுத்த நோன்பில் கோடு மூன்று விரல் ஏறியிருந்தது. வகுப்புத் தோழிகளை அவள் இன்னும் எட்டவில்லை.