வாசல் நிலையில் கரையான், மண்ணெண்ணெய் ஊற்றியும் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

வாசல் நிலையில் மண் ஏறியது, மண்ணெண்ணெய் ஊற்றினோம், வேப்பெண்ணெய் பூசினோம், ஒரு மாதத்தில் ஒரு முழம் தள்ளி மறுபடி ஏறிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் இப்படியே நான்கு வருடம் போராடினோம். அந்த நான்கு வருடத்தில் இழந்தது கொஞ்சம் அதிகம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நிலையில் நீங்கள் பார்ப்பது கரையானின் வீடு இல்லை. அது இரை தேடி வந்த இடம். கூடு, ராணி, குஞ்சுகள் எல்லாம் மண்ணுக்குள் இருக்கின்றன. கரையானின் உடம்பு வெளிக்காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டே மேலே ஏறுகிறது. நீங்கள் ஊற்றிய மண்ணெண்ணெய் அந்தக் குழாயில் இருந்த வேலைக்காரக் கரையான்களை மட்டும் கொன்றிருக்கும். கூட்டில் இருப்பவை வேறு வழியாக வந்துவிட்டன. மரத்துக்கு வைத்தியம் பார்ப்பது இரண்டாவது வேலை, முதலில் பார்க்க வேண்டியது மண்ணை.

எங்கள் வீடு லால்குடி பக்கம், அப்பா 1991ல் கட்டியது. பின்னால் தென்னந்தோப்பு. அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது வாய்க்காலையும் மதகுகளையும் பார்த்துக்கொள்பவராக இருந்தவர். வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் வந்தது, எந்த மதகு எத்தனை அடி திறந்தது என்று முப்பது வருடம் டைரி எழுதினார். அவர் போன பிறகு அவற்றைக் கூடத்து மர அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருந்தோம். 2015ல் நிலையில் மண் ஏறியபோது துடைப்பத்தால் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றியதோடு சரி, அலமாரியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து எடுத்தபோது அட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே தாள் இருந்த இடத்தில் மண். முப்பதில் பதினொன்றுதான் மிஞ்சியது. நீங்கள் இன்றைக்கே பீரோவுக்குப் பின்னால், பரணில், புத்தக அடுக்கில், முக்கியமாகப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் கை விட்டுப் பாருங்கள். மருந்து அடிப்பது அடுத்த வாரம்கூட நடக்கலாம், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்து, வந்திருப்பது செல்லா (கரையானா), உளுவா (மரத்தைத் துளைக்கும் வண்டா) என்று தெரிந்துகொள்ள வேண்டும். செல்லரிப்பது வேறு, உளுத்துப் போவது வேறு. மண் குழாய் இருந்தால் அது நிலத்தடிக் கரையான், நான் சொல்வதெல்லாம் அதற்குத்தான். மரத்தில் குண்டூசித் துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளுவண்டு. மண்ணே இல்லாமல் கசகசா போன்ற சிறு உருண்டைகள் கொட்டிக் கிடந்தால் அது உலர்மரக் கரையான், மரத்துக்குள்ளேயே குடியிருப்பது. இந்த இரண்டுக்கும் தரையில் எத்தனை துளை போட்டாலும் பயனில்லை, அந்த மரத்தைத்தான் கவனிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில் வீட்டுக்குள் ஈசல் சிறகு குவிந்து கிடக்கிறதா என்றும் கவனியுங்கள். சுவர் ஓரத்திலிருந்தோ நிலை இடுக்கிலிருந்தோ ஈசல் கிளம்பினால் கூடு வீட்டுக்கு அடியிலேயே இருக்க வாய்ப்புண்டு.

2017ல் முதலில் வந்து மருந்து அடித்தவர் தோளில் ஒரு 16 லிட்டர் தெளிப்பானோடு வந்தார். சுவர் ஓரமெல்லாம் அடித்தார், வீடு முழுக்க வாடை, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரண்டு வருட கேரண்டி அட்டையும் கொடுத்தார். அடுத்த ஐப்பசி மழைக்கே சமையலறைச் சன்னலில் மண் ஏறியது. போன் செய்தால் எடுக்கவில்லை.

கட்டி முடித்த வீட்டுக்கு எப்படி மருந்து வைப்பது என்பதற்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முறையே இருக்கிறது, ஐஎஸ் 6313, மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, தளத்தைத் தாண்டி மண் வரை இறக்கி, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கலவை செலுத்த வேண்டும். வெளிச்சுவர் ஓரத்து மண்ணுக்கும் தனியாக மருந்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு உள்ளே மட்டும் 200 துளைக்கு மேல் வந்தது. அப்படியானால் கிட்டத்தட்ட 200 லிட்டர் கலவை இறங்க வேண்டும். 16 லிட்டரில் முடிந்த வேலை மண்ணைத் தொடவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆகவே வருகிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் எத்தனை துளை, எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே வேலை தெரிந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

மருந்தையும் அவர் சீலோடு கொண்டுவந்து உங்கள் முன்னால்தான் கலக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 இசி என்றால் ஒரு லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்சி என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி மருந்து. நாங்கள் 2019ல் இரண்டாவதைத்தான் வைத்தோம். அதில் வாடை அவ்வளவாக இல்லை. வாடையே வராததால் அது மருந்துதான் என்று அம்மா கடைசி வரை நம்பவில்லை. ஆனால் கரையானை விரட்டாததுதான் அதன் பலம். கரையானுக்கு அது தெரிவதில்லை, அந்த மண்ணிலேயே நடந்து, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது மற்றவற்றுக்கும் பரப்பிவிடுகிறது. அதனால் மறுநாளே பலன் தெரியாது, சில வாரம் பொறுக்க வேண்டும். பழைய ஆட்கள் சிலர் ஆல்ட்ரின்தான் மருந்து என்பார்கள். அது 1996லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது, யாராவது எங்கிருந்தாவது கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துளை போடும் முன் தண்ணீர்க் குழாயும் மின்வயரும் எங்கே போகின்றன என்று கொத்தனாரையோ எலக்ட்ரீஷியனையோ வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கிணறோ நிலத்தடித் தொட்டியோ சுவரை ஒட்டி இருந்தால் அந்தப் பக்கம் மருந்து வைக்கவே கூடாது. மீன் தொட்டியை முதல் நாளே வெளியே கொண்டுபோய்விடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் துளைகளை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்து, தரை காய்ந்து, துடைத்த பிறகு வந்தால் போதும். நாங்கள் இரண்டு நாள் சித்தி வீட்டில் இருந்தோம்.

நிலையைப் பற்றி. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கீழிருந்து மேலாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் மரம் இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே தின்றுவிட்டது. எங்கள் நிலை தேக்குதான், ஆனாலும் வைரம் பாய்ந்த பகுதியை விட்டுவிட்டு ஓரத்து வெளிற்றைத் தின்றிருந்தது. தேக்கு என்றாலே கரையான் தொடாது என்று நம்பிவிட வேண்டாம். ஆசாரி ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் கீழ்நோக்கிச் சாய்த்துச் சிறு துளைகள் போட்டார், அதில் எண்ணெயில் கலந்த மருந்தை ஊறும் வரை விட்டார்கள். கெட்டுப்போன அடிப்பகுதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் துண்டு கொடுத்தார். நிலை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னோர் ஆசாரியிடமும் காட்டுங்கள்.

அப்புறம் ஈரம். மருந்து வைத்தவர்தான் குளியலறைச் சுவரில் கை வைத்துப் பார்த்து, உள்ளே குழாய் கசிகிறது என்றார். உடைத்துப் பார்த்தால் வருடக்கணக்காகக் கசிந்திருக்கிறது. கொல்லைப்புறத்தில் வெட்டிய தென்னையின் அடிக்கட்டையும், வீடு கட்டியபோது மண்ணோடு மூடிய சென்ட்ரிங் பலகைகளும் வேறு கிடந்தன. எல்லாவற்றையும் தோண்டி எடுத்தோம். சுவரில் சாத்தி வைத்திருந்த விறகையும் மட்டையையும் தோப்புக்கு மாற்றினோம். தண்ணீரும் தீனியும் அங்கேயே இருந்தால் எந்த மருந்தும் வெகுநாள் நிற்காது.

மொத்தம் 9,500 ரூபாய் ஆனது, ஆசாரி கூலி தனி. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஆடியிலும் தை பிறந்ததும் டார்ச் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவேன். 2022ல் கார் ஷெட் மூலையில் ஒரு விரல் நீளம் மண் ஏறியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் நான்கு துளை, நான்கு லிட்டர். திரும்ப வரவில்லை.

இப்போதைக்கு நிலையில் இருக்கும் மண் குழாயைத் தட்டிவிடாமல் அப்படியே விடுங்கள். எங்கிருந்து ஏறுகிறது என்று மருந்து வைக்க வருகிறவருக்கு அதுதான் வழி காட்டும். அந்த நிலைக்குப் பின்பக்கச் சுவரில் குளியலறையோ தண்ணீர்க் குழாயோ இருக்கிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள், எந்தப் பக்கம் துளை ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.