மின்கழிவுக்குச் சட்டம் இருந்தும் பழைய கம்ப்யூட்டர், டிவி எல்லாம் ஏன் காயலான் கடைக்கே போகின்றன?

காயலான் கடைக்காரர் வீட்டு வாசலுக்கே வருகிறார், கையில் காசும் கொடுக்கிறார். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் பெரும்பாலும் நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

சென்னையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பதால் கழித்துப் போட்ட சாமான் எங்கே போகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். ஒரு பழைய சிபியு போனால் ராம், ஹார்டு டிஸ்க், பிராசஸர் முதலில் தனியாகும். ஓடினால் மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். வெளித்தகடு இரும்போடு சேரும். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டிக்குள் இருக்கும் செம்பும் அலுமினியமும் தனித்தனிச் சாக்கில் விழும். மதர்போர்டு மட்டும் எடை போட்டு வேறொரு வியாபாரிக்குப் போகும். இதுவரைக்கும் நடப்பதில் எனக்குப் பெரிய குறையில்லை. கையால் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றும்போது பொருள் சுத்தமாகப் பிரிகிறது.

கெடுதல் அதற்கப்புறம்தான். தடித்த ஒயரைப் பிளேடால் உரிப்பார்கள். மெல்லிய ஒயரை உரிக்க உட்கார்ந்தால் கூலி கட்டாது, மொத்தமாகப் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். ஒயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும். கரியேறிய செம்புக்கு விலையும் குறைவு, ஆனாலும் எரிக்கிறார்கள். போர்டுகள் டெல்லி சீலம்பூர், உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் போன்ற இடங்களில் ஆசிட்டில் முங்கின. தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவு சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போனது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அங்கே தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

2022-இல் வந்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, சாதனம் தயாரித்து விற்கும் நிறுவனமே மறுசுழற்சிக்குப் பொறுப்பு. முன்பு விற்று இப்போது பழசாகியிருக்கும் சரக்கின் எடையில் 2023-24-க்கு 60 சதவீத இலக்கு, 2027-28 முதல் 80 சதவீதம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவு செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் உற்பத்தி செய்பவர், விற்பனைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்று நால்வர் மட்டுமே. வீடு வீடாகச் சேகரிப்பவருக்கு அதில் இடமே இல்லை. இலக்கை எட்டியதைக் காட்ட மறுசுழற்சி செய்பவரிடமிருந்து தயாரிப்பாளர் வாங்கும் சான்றிதழின் கணக்கும் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றை வைத்தே ஓடுகிறது. பழைய டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் இருக்கும் ஈயத்தைப் பத்திரமாக ஒதுக்குவதற்கு யாருக்கும் லாபமில்லை.

காயலான் கடைக்காரரை விரட்டுவதில் பயனில்லை. அவர் சேகரிக்கட்டும், கழற்றட்டும். போர்டையும் மெல்லிய ஒயரையும் மட்டும் ஆசிட்காரர் தருவதைவிடக் கூடுதல் விலைக்குப் பதிவு பெற்ற நிறுவனம் அவரிடமே வாங்கட்டும். அந்தக் கூடுதல் பணம் தயாரிப்பாளர் கட்டும் தொகையிலிருந்து வர வேண்டும்.

அதுவரை உங்கள் வீட்டுப் பொருளை வாங்குபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக் கொடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் தகவலை முழுதாக அழித்துவிடுங்கள். உப்பிப்போன போன் பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவே போடாதீர்கள். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.