பழைய தொகுதி முறை வந்தால் ஆதாயமா?

கேள்வி: 1947 முதல் 1977 வரை திருகோணமலைத் தொகுதியில் தென்னிலங்கைக் கட்சி ஒருதடவைகூட வெல்லவில்லை. விகிதாசாரம் (மாவட்ட வாக்குகளைக் கூட்டிக் கட்சிகளின் பங்குக்கேற்ப ஆசனம் கொடுக்கும் முறை) வந்துதானே எங்களைக் கெடுத்தது? பழைய தொகுதி முறை திரும்பினால் எங்களுக்கு ஆதாயம்தானே?
– க.ந., உவர்மலை

பதில்: முதல் வசனம் சரி. மற்ற இரண்டும் மேடைப் பேச்சு.

1947இல் தமிழ்க் காங்கிரஸ் வென்ற 7 ஆசனங்களில் வடக்குக்கு வெளியே கிடைத்தது ஒன்றே ஒன்று: எஸ். சிவபாலனின் திருகோணமலை. 1952இன் கதை அதைவிடப் பெரிது. காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றுப்போன அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குத் தேறியவர்கள் இருவர்தான். ஒருவர் கோப்பாய் வன்னியசிங்கம், மற்றவர் எங்கள் இராஜவரோதயம். தலைவர் வெளியே நிற்க, சபைக்குள் கட்சியின் பெயரைக் காப்பாற்றியதில் பாதி திருகோணமலையின் பங்கு. (யாழ்ப்பாணத்து மேடைகளில் இதை அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள்.) 1963இல் காலமாகும்வரை தொகுதி அவரிடமே இருந்தது. பிறகு இடைத்தேர்தலில் ஏகாம்பரம், 1965இல் மாணிக்கராஜா, 1970இல் நேமிநாதன், 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் சம்பந்தன்.

பட்டியலில் இடைவெளி இல்லைத்தான். ஆனால் நீங்கள் நகரத்தை மட்டும் பார்க்கிறீர்கள். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கமும் ஒருக்கால் பாருங்கள். மூதூர் அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1970இல் அங்கிருந்து அப்துல் மஜீதும் தங்கத்துரையும் சபைக்குப் போனார்கள். நேமிநாதனையும் சேர்த்தால் மாவட்டத்தின் மூவரில் இருவர் தமிழர். 1976 எல்லை நிர்ணயத்தில் மூதூரின் இரட்டை அங்கத்துவம் போனது. கந்தளாய்ச் சிங்களக் குடியேற்றத்தையும் உள்ளே வைத்துச் சேருவில என்று ஒரு புதிய தொகுதி கீறப்பட்டது. அடுத்த வருடம் மூதூர் மஹ்ரூபுக்கும் சேருவில லீலாரத்னவுக்கும் போக, மூவரில் ஒருவராகக் குறைந்தோம். விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்ததோ 1989இல். ஆக, ஆசனம் கைநழுவியது அதற்கு 12 வருடம் முன்பே, நீங்கள் ஏங்குகிற அதே தொகுதி முறையில்!

விகிதாசாரத்தைப் புகழ வரவில்லை. 2000இல் தமிழ்க் கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் நிற்க, சம்பந்தனே தோற்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாகச் சேர்ந்த பிறகு 2004இல் நான்கில் இரண்டு கிடைத்தது. மாவட்டமும் அதே, முறையும் அதே.

திருகோணமலை, மூதூர், சேருவில என்ற பெயர்களைத் தேர்தல் இரவில் இன்றும் வாசிக்கிறார்கள். ஆனால் மூதூர்ப் பக்கத்துச் சம்பூரில் விழும் வாக்கும் உங்கள் உவர்மலை வாக்கும் மாவட்டக் கணக்கில் ஒன்றாகச் சேருகின்றன. தொகுதி முறை திரும்பினால் சம்பூர் வாக்கு மூதூர்ப் பெட்டியோடு நின்றுவிடும். அதனால் ஆதாயம் உண்டா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். படகோ பஸ்ஸோ ஏறித் தங்கத்துரையின் ஊரான கிளிவெட்டிக்குப் போய்க் கேளுங்கள்.