கோட்டுக் கையும் கைக்கடிகாரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முதன்முறையாக அளவெடுத்துத் தைக்கும் சூட் ஒன்றுக்குத் துணி எடுத்திருக்கிறேன். என்னிடம் இரண்டு கைக்கடிகாரங்கள் உள்ளன. ஒன்று சாவி கொடுக்கும் பழைய, மெல்லிய கடிகாரம். மற்றொன்று 13 மில்லிமீட்டர் கனமுள்ள செயின் வாட்ச். தினமும் கட்டுவது அதைத்தான். ரெடிமேட் சூட் அணியும்போதெல்லாம் சட்டையின் கஃப் (கை முனையில் பட்டன் போடும் பட்டை) அதன்மேல் ஏறி நின்றுவிடுகிறது. தையற்காரரிடம் இதைச் சொல்ல வேண்டுமா, கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டும், அதுவும் அளவெடுக்கும் நாளிலேயே. அந்தச் சூட்டோடு எந்தக் கடிகாரத்தை அணியப் போகிறீர்களோ அதைக் கட்டிக்கொண்டே தையற்காரரிடம் போங்கள். அளவெடுத்துத் தைப்பது என்றாலே, உடம்போடு சேர்த்து அந்த உடம்பு தினமும் சுமக்கும் பொருள்களுக்கும் இடம் விட்டுத் தைப்பதுதான்.

பலர் கோட்டைப் பற்றியே கவலைப்பட்டுச் சட்டையை மறந்துவிடுகிறார்கள். கடிகாரம் முட்டுவது கோட்டில் அன்று, சட்டையின் கஃப்பில். ஆகவே சூட்டோடு ஒரு சட்டையும் தைக்கக் கொடுத்து, கடிகாரம் கட்டும் கையின் கஃப்பை மட்டும் மற்றதைவிடக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை சுற்றளவு கூட்டித் தைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் சட்டைகளுக்கு அவ்வளவு வேலைகூட வேண்டாம். அந்தக் கஃப்பின் பட்டனைப் பிரித்து ஓரத்தை நோக்கிச் சிறிது தள்ளித் தைத்தாலே போதும்.

கச்சாத் தையல் (பிரித்துத் திருத்தக்கூடிய தற்காலிகத் தையல்) போட்ட கோட்டை அணிந்து பார்க்கும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கையைத் தொங்கவிட்டால் கோட்டுக் கைக்குக் கீழே சட்டை ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை தெரிய வேண்டும். கடிகாரம் ஏறக்குறைய முழுவதும் மறைந்திருக்க வேண்டும். பிறகு மேசையருகே உட்கார்ந்து எழுதுவதுபோல் கையை மடக்குங்கள். கஃப் பின்னுக்கு நகர்ந்து டயல் பாதியாவது தெரிந்து, கையை இறக்கியதும் எங்கும் சிக்காமல் திரும்பி வந்து மூடினால் அளவு சரி. கோட்டுக் கையின் பட்டன்களுக்கு உண்மையான காஜா எடுக்கச் சொல்லியிருந்தால், இந்தச் சோதனை முடியும்வரை காஜாவை வெட்ட விடாதீர்கள். வெட்டிய பிறகு நீளத்தைத் திருத்த வேண்டுமானால் கையைத் தோளிலிருந்து பிரித்தெடுத்துத்தான் செய்ய முடியும்.

இவ்வளவும் சொன்ன பின், என் தேர்வு உங்கள் பழைய கடிகாரம்தான். 13 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏற்பக் கஃப்பை அகலப்படுத்தினால், அந்தக் கஃப் கடிகாரத்தைத் தாண்டி உள்ளங்கைவரை இறங்கிவிடும். உலோகச் செயின் ஓயாமல் உரசி, என் வெள்ளைச் சட்டை ஒன்றின் இடக்கைக் கஃப் மட்டும் மடிப்போரத்தில் நூல் நூலாகப் பிரிந்து போயிற்று. வலக்கைக் கஃப் இன்றும் புதிதாகவே இருக்கிறது. சூட்டுக்கான கடிகாரம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஏழு, எட்டு என்றால் இன்னும் நல்லது.

கேள்வி: என் தந்தை விட்டுச்சென்ற தங்கநிறக் கடிகாரம் 33 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. டயல் பழுத்துப் பாலாடை நிறமாகிவிட்டது. நண்பர்கள் இது ஆணுக்கு மிகச் சிறியது என்கிறார்கள். என் சூட்டுகள் கருநீலமும் சாம்பலும். அணியலாமா?

பதில்: தயக்கமின்றி அணியுங்கள். சூட்டுக்கான கடிகாரத்துக்கு இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படும், படேக் ஃபிலிப் என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் முதல் கலாட்ராவா 1932இல் வந்தபோது அதன் அகலம் 31 மில்லிமீட்டர்தான். 1917இல் வடிவமைக்கப்பட்டு 1919இல் விற்பனைக்கு வந்த கார்ட்டியேயின் டாங்க் கடிகாரமும் சிறியதே. பெரிய டயல் பின்னாளில் வந்த பழக்கம். பார்க்க வேண்டியது டயலின் அகலத்தை மட்டுமன்று. வாரைப் பிடித்திருக்கும் மேல், கீழ்க் கொம்புகள் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்படி நீட்டினால்தான் கடிகாரம் கைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். 33 மில்லிமீட்டரில் அந்தக் குறை நேர்வது அரிது.

கடிகாரம் தங்கநிறம் என்பதால் கஃப்லிங்கும் பெல்ட் பக்கிளும் அதே நிறத்தில் இருக்கட்டும். கல்யாண மோதிரத்துக்கு இந்த விதி கிடையாது. கறுப்பு ஷூவுக்குக் கறுப்பு வார், பழுப்பு ஷூவுக்குப் பழுப்பு வார். இரண்டும் ஒரே தோலில் வெட்டியதுபோல் அச்சாக ஒத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பாலாடை நிற டயலுக்கும் கருநீலத் துணிக்கும் அடர்பழுப்பு வார் மிக அழகாக அமையும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: டயலைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். உங்கள் தந்தை பார்த்த டயல் அது; புதிதாக அச்சிட்டபின் அது திரும்பி வராது. உள்ளே இருக்கும் எந்திரத்தை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடச் சொல்லுங்கள், ஏனெனில் பழைய எண்ணெய் காய்ந்து கெட்டியானால் சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயத் தொடங்கும். சாவி கொடுக்கும்போது கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடுங்கள். கட்டியபடியே திருகினால் சாவித் தண்டு பக்கவாட்டில் இழுபட்டு நாளடைவில் தளர்ந்துவிடும்.

கேள்வி: முக்குளிப்போர் கடிகாரத்தைச் சூட்டோடு அணிவது தவறா?

பதில்: ரோலெக்ஸ் சப்மரீனர், பிளாங்பான் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் இரண்டும் 1953இல் வந்தவை. நீருக்கடியில் கழிந்த நிமிடங்களைக் கணக்கிடவே அவற்றின் சுழலும் வளையம் அமைந்தது. டை இல்லாமல், முரட்டு நெசவுக் கோட்டோடு அணிந்தால் குறையில்லை. மெல்லிய கறுப்பு அல்லது கருநீலத் துணியில் தைத்த முழு சூட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மாலை விருந்துக்கு டக்ஸீடோ (பொதுவாக வில் டையோடு அணியும் கறுப்பு விருந்து சூட்) அணியும்போது கைக்கடிகாரமே கட்டக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பழைய மரபு அதுதான். விருந்தில் மணி பார்ப்பது அழைத்தவருக்கு மரியாதையன்று என்பதால், கடிகாரம் வேண்டுவோர் வெயிஸ்ட்கோட்டுப் பையில் சங்கிலியோடு வைத்துக்கொண்டார்கள். இன்று கறுப்புத் தோல் வாரும், வெறும் இரண்டு முள்ளும் உள்ள மிக மெல்லிய கடிகாரத்தை யாரும் குறை சொல்வதில்லை. பியாஜே நிறுவனம் 1957இல் வெளியிட்ட, சாவி கொடுக்கும் 9பி எந்திரம் 2 மில்லிமீட்டர் கனமே கொண்டது. அத்தகைய எந்திரம் உள்ள கடிகாரம் இறுக்கமான கஃப்புக்குள்ளும் தெரியாமல் அடங்கிவிடும். எனக்குப் பிடித்த தீர்வு வேறு. 1931இல் வந்த ஜேஜர் லெகூல்த்ரின் ரிவர்ஸோ, பிரிட்டிஷ் இந்தியாவில் போலோ ஆடியவர்களின் கடிகாரக் கண்ணாடி உடையாமலிருக்க, டயலை உட்புறம் திருப்பி வைக்கும்படி அமைக்கப்பட்டது. விருந்தில் அதைத் திருப்பிவிட்டால் வெளியே தெரிவது வழவழப்பான உலோகம் மட்டுமே. கடிகாரமும் கையில் இருக்கும், மரபும் மீறப்படாது.

கேள்வி: அலுவலகத்துக்குப் பேண்ட் சூட் தைக்கக் கொடுத்திருக்கும் பெண் நான். வழக்கமாக இடக்கையால் எழுதுவதால் கடிகாரம் வலக்கையில். ஆண்களுக்கான 36 மில்லிமீட்டர் கடிகாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. பொருந்துமா?

பதில்: பொருந்தும். படேக் ஃபிலிப் 1868இல் செய்த அதன் முதல் கைக்கடிகாரமே ஹங்கேரியைச் சேர்ந்த ஒரு சீமாட்டிக்காகத்தான். முதல் உலகப் போரில் படைவீரர்கள் கட்டத் தொடங்கும்வரை கைக்கடிகாரம் பெரும்பாலும் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. கொம்புகள் மணிக்கட்டுக்குள் அடங்குகின்றனவா என்று மட்டும் பாருங்கள். பெண்களின் கோட்டுக் கை முனையில் பொதுவாக இன்னும் ஒடுங்கியிருக்கும். ஆகவே சட்டைக் கஃப்போடு கோட்டுக் கையின் வாயையும் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். தளர்த்த வேண்டியது வலக்கை என்பதைத் தையற்காரரின் அளவுக் குறிப்பிலேயே எழுதச் செய்யுங்கள். சொல்லாவிட்டால், பழக்கத்தில் இடக்கையைத்தான் தளர்த்துவார்.