டிராகனும் சிவப்பு லாந்தரும் இல்லாமல் நவீன சீன உணவகத்தை வடிவமைக்க முடியுமா?

தாராளமாக முடியும். 2001-இல் லண்டன் ஹான்வே பிளேஸில் ஆலன் யாவ் தொடங்கிய ஹக்கசான் என்ற சீன உணவகத்தைப் பாருங்கள். தரைக்கீழ்த் தளம், ஜன்னல் கிடையாது. பிரெஞ்சு உள்ளலங்கார வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லியாக்ரே அதைக் கருமையான மரச் சல்லடைத் தடுப்புகளால் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார். மறைப்பும் கிடைத்தது, அடுத்த மேசையும் தெரிந்தது. சீன வீட்டு ஜன்னல்களின் பழைய உத்திதான் இது.

அடையாளத்தையும் அங்கிருந்தே எடுக்கலாம். சல்லடையின் ஒரு கட்டத்தை எடுத்து லோகோ, மெனு அட்டை, பார்சல் பை எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துங்கள். தூரிகையால் கீறியது போன்ற 'சீன பாணி' ஆங்கில எழுத்துரு மட்டும் வேண்டாம். மலிவாகத் தெரியும், பல சீனர்களுக்கு அது கேலியாகவும் படும். சீன எழுத்து வைத்தால் ஹாங்காங், தைவான் சமையலுக்கு மரபு வடிவம், பெருநிலச் சீனத்துக்கு எளிய வடிவம். ஒரே பலகையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பெரும்பாலும் சொதப்புவது விளக்கில்தான். சிவப்பு ஒளியில் கீரை கறுத்துப்போய் வாடியதுபோல் தெரியும். சிவப்பைச் சுவருக்கும் துணிக்கும் கொடுத்துவிட்டு, மேசைமேல் 2700 கெல்வின் (இதமான மஞ்சள் ஒளி), நிறத்துல்லியம் (CRI) 90-க்கு மேல் உள்ள விளக்கைக் குறுகலாக விழவையுங்கள்.

பத்துப் பேருக்கு 1.8 மீட்டர் வட்ட மேசை, நடுவில் 1 மீட்டர் சுழல்தட்டு போதும். சுற்றிலும் 40 செ.மீ. மிஞ்சும். சுழல்தட்டு அதைவிடப் பெரிதானால் கிண்ணமும் தேநீர்க் கோப்பையும் இடிபடும்.