இரண்டு வள்ளம் கம்பு

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பாருக்குத் தாத்தா கோயமுத்தூர் ஜெயிலில் இருந்தவர் என்று வீட்டில் அரசல் புரசலாகப் பேசுவார்கள். ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் பழைய கைதிப் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். 1877, திருட்டு, இரண்டு வள்ளம் (தானியம் அளக்கும் பழைய அளவு) கம்பு, ஆறு மாதம் கடுங்காவல். அப்பா கிழித்துப் போடச் சொல்கிறார். என்ன செய்ய?

ஒரு வாசகர், கோபி

அன்புள்ள தம்பி,

கிழிக்க வேண்டாம். நான் சொன்னதாக அப்பாவிடமும் சொல்லுங்கள்.

முதலில் வருஷத்தைப் பாருங்கள். அது தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்து, அடுத்த வருஷமும் ஏமாற்றி, கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மாகாணத்துச் சிறைகள் நிரம்பி வழிந்தன, உள்ளே போனால் ஒரு வேளைக் களியாவது கிடைக்குமென்று வேண்டுமென்றே பிடிபட்டவர்களும் உண்டு. பதிவேட்டில் பசிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. பெயர், தகப்பன் பெயர், சாதி, உயரம், அங்க அடையாளம், திருட்டுக்கான பிரிவு 379, அவ்வளவுதான். எழுதியவன் தண்டனை கொடுத்தவனின் ஆள், அதை மறந்துவிட்டுப் படித்தால் அந்தக் காலத்தில் எல்லோரும் திருடர்கள் என்றுதான் தோன்றும்.

அந்தச் சாதிக் கட்டம் பிறகு செய்த வேலை இன்னும் மோசம். கழுதையிலும் பொதிமாட்டிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போன உப்புக் குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1860களில் ரயில் போத்தனூர் வரை வந்துவிட்டது, உப்பு சர்க்கார் பிடிக்குள் போயிருந்தது, பிழைப்பு படுத்துவிட்டது. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது இவர்களில் பலரைப் பிறவித் திருடர்கள் என்று பட்டியலில் சேர்த்து, ரேகை எடுத்து, ராத்திரி ஸ்டேஷனில் ஆஜராகச் சொன்னார்கள். ஒரு திருட்டும் செய்யாதவனும் போய் நிற்க வேண்டும். 1947இல்தான் இங்கே அந்தச் சட்டம் போனது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வ.உ.சி. 1908இல் செக்கிழுத்ததும் உங்கள் பாட்டனார் இருந்த அதே ஜெயிலில்தான். அவரையும் அந்த சர்க்கார் கைதி என்றுதான் எழுதி வைத்தது.

அப்புறம், நீங்கள் அனுப்பிய படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அடையாளக் கட்டத்தில் 'வலது புருவத்தின் மேல் தழும்பு' என்றிருக்கிறது. அவர் முகம் பற்றி உங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதானே? அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள்.