பிஸ்கட் டின்னில் ஒன்பது மருந்து

வணக்கம் ஐயா,

மருந்து விலைப் பட்டியலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மலேசியாவில் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்தின் விலையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று 2025 மே 1 முதல் வந்த உத்தரவை வரவேற்றிருந்தீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடைசியில், "டாக்டர் எழுதட்டும், மருந்தாளர் கொடுக்கட்டும், இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது" என்று முடித்திருந்தீர்கள். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

நான் செந்தூலில் இருக்கிறேன். 31 வருடம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. எங்கள் கிளினிக் டாக்டர் என் பிள்ளைகளைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். போனால் பத்து நிமிடத்தில் மருந்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம். நீங்கள் சொல்வது போல் செய்தால், காய்ச்சலோடு இருக்கிற ஆள் சீட்டைத் தூக்கிக்கொண்டு இன்னோர் இடத்துக்கு அலைய வேண்டும். அப்புறம், பார்மசிக்காரர் மட்டும் சும்மாவா உட்கார்ந்திருக்கிறார்? அவரும் வியாபாரிதான். தலைவலி மாத்திரை கேட்டுப் போனால் வைட்டமின் டப்பாவையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார். இவர்கள் பேச்சைக் கேட்டா அரசாங்கம் சுகாதாரக் கொள்கை வகுக்கப் போகிறது?

என் கணவருக்கு ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (நீரிழிவு) இரண்டும் உண்டு. பாதி மருந்து அரசாங்க கிளினிக்கில், பாதி எங்கள் டாக்டரிடம். பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறோம். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வகை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, செந்தூல்

*

அன்புள்ள டீச்சர்,

கடிதத்துக்கு நன்றி. நீங்கள் திட்டியதில் முக்கால்வாசி நியாயம். மீதிக் கால்வாசிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த அலைச்சல். பினாங்கில் நான் இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) மூன்று கிளினிக், இரண்டு பார்மசி. நடந்தே போகலாம். நிபோங் திபாலைத் தாண்டி உள்ளே போனால் கதை வேறு. இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விளக்கு எரிகிற பார்மசியைத் தேடி மோட்டார் சைக்கிளில் சுற்ற வேண்டும். அதை யோசிக்காமல் எழுதியது என் தப்பு.

விலை குறையும் என்று நான் நம்பியதும் முழுக்கச் சரியில்லை. தென்கொரியாவில் 2000-ஆம் ஆண்டு ஜூலையில் மருந்து எழுதுவதையும் கொடுப்பதையும் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த அரசாங்கம் பார்வைக் கட்டணத்தை மறுபடி மறுபடி ஏற்றியது. மக்களின் மொத்தச் செலவு இறங்கவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. சளிக்காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் எழுதுகிற பழக்கம் குறைந்தது. விற்றால் லாபம் என்ற நிலை போனதும், தேவையில்லாத இடத்தில் எழுதுவதும் குறைந்துவிட்டது.

நம் ஊர் டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தனியார் கிளினிக்கில் பார்வைக் கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட் வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு விதிகளில் எழுதி, பல வருடம் அதிலேயே கட்டிப் போட்டிருந்தார்கள். கடை வாடகை ஏறியது, நர்ஸ் சம்பளம் ஏறியது. 35 வெள்ளி மட்டும் அப்படியே நின்றது. மீதியை மருந்தில்தான் எடுக்க வேண்டியிருந்தது. விலைப் பட்டியல் உத்தரவு வந்து ஒரு வாரத்துக்குள், மே 6-ஆம் தேதி, டாக்டர்கள் புத்ராஜெயாவில் திரண்டார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. டாக்டரை மருந்து வியாபாரி ஆக்கியதே நாம்தான், டீச்சர். அவருடைய பேச்சுக்கும் யோசனைக்கும் காசு கொடுக்க நமக்கு மனம் வராது. கையில் ஒரு பொட்டலம் வந்தால்தான் கொடுத்த காசு செரிக்கும்.

சரி, கால்வாசிக்கு வருகிறேன். நான் "கை" என்று எழுதியிருக்கக் கூடாது. கவலை எனக்குக் கண்ணைப் பற்றித்தான். எழுதியவர் கண்ணைத் தவிர இன்னொரு கண் அந்தச் சீட்டின் மேல் பட வேண்டும்.

வேலையில் இருந்த காலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் உதவியாளனாக இருந்தவன் நான். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாங்கள் மெதுவாக வேலை செய்வது போலத்தான் தெரியும். "மாத்திரையை எண்ணிப் போட இவ்வளவு நேரமா?" என்று அவர்கள் தமிழிலும் மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். உள்ளே நடப்பது வேறு. சீட்டை முதலில் படிப்பவர் ஒருவர், மருந்தை எடுப்பவர் ஒருவர், எடுத்ததைச் சரிபார்ப்பவர் ஒருவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பவர் ஒருவர். ஒரு நாள், மூட்டு வாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் ஒரு பாட்டிக்குத் தினமும் ஒன்று என்று எழுதி வந்தது. அது வாரத்துக்கு ஒரு முறை மட்டும் விழுங்குகிற மருந்து. தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையே செத்துப்போகும், உயிருக்கே ஆபத்து. முதலில் படித்த மருந்தாளர் அந்த வருடம்தான் வேலைக்கு வந்த பெண். போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாற்றிவிடுங்கள், நன்றி" என்றார். பாட்டி வெளியே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது என்று எழுந்ததும் எங்களைத்தான் திட்டினார்.

எழுதியவர் கெட்டிக்கார டாக்டர்தான். அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது நோயாளியோ. அதே சீட்டு, எழுதுவதும் கொடுப்பதும் ஒரே அறையில் முடிகிற இடத்தில் எழுதப்பட்டிருந்தால், யார் போன் செய்திருப்பார்கள்?

நான் பிறந்த தோட்டத்தில் ஒரு டிரெஸ்ஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், இருந்தார். நீங்கள் உங்கள் டாக்டரைப் பற்றிச் சொன்னதும் அவர் ஞாபகம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஒற்றை அறைதான். கண்ணாடிப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள் என்று மிக்ஸர் (கலந்த மருந்துத் தண்ணீர்) நிற்கும். வீட்டிலிருந்து காலிப் புட்டி கொண்டுபோனால் ஊற்றித் தருவார். நோய் கண்டுபிடிப்பதும் அவர்தான், மருந்து கலப்பதும் அவர்தான், லீவு எழுதிக் கொடுப்பதும் அவர்தான். அவரிடம் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். யாருக்கு என்றைக்கு என்ன ஊற்றினார் என்பது அதில் இருக்கும். ஒரே கண்தான், ஆனால் ஒரே புத்தகம். இன்றைக்கு நமக்கு எத்தனையோ கண்கள் கிடைத்துவிட்டன. புத்தகம் போய்விட்டது.

உங்கள் பிஸ்கட் டின்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

என் அண்ணனுக்கு நடந்ததைக் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் உடம்பு தள்ளாட, பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே குளுக்கோஃபாஜ் கொடுத்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டையும் சாப்பிட்டார். குளுக்கோஃபாஜ் என்பது கம்பெனி வைத்த பெயர், உள்ளே இருப்பது அதே மெட்ஃபார்மின்தான். வயிறு போக ஆரம்பித்தது. மூன்றாவதாக ஒரு டாக்டர் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கொடுத்தார். அது தீர்ந்துபோய் மறுபடி வாங்கப் பார்மசிக்குப் போனபோதுதான் கவுண்டரில் இருந்த பையன், "வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், அங்கிள்?" என்று கேட்டிருக்கிறான். அரை மணி நேரத்தில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. டாக்டர்கள் மூவரில் ஒருவர் மேலும் நான் பழி போட மாட்டேன். அண்ணன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால், "டாக்டருக்குத் தெரியாதா?" என்கிறார்.

அந்தப் பையன் அன்றைக்கு வைட்டமின் டப்பா ஒன்றையும் தள்ளிவிட்டான், அதையும் நான் மறைக்கவில்லை. நீங்கள் சொன்னது உண்மை. பார்மசி ஒரு கடை. ஆலோசனைக்கு அவனுக்கு யாரும் ஒரு சென் கொடுப்பதில்லை. அரை மணி நேரம் பேசினாலும் விற்றால்தான் வாடகை. டாக்டருக்கு 35 வெள்ளியால் என்ன ஆனதோ அதே வியாதி இங்கேயும் இருக்கிறது, இன்னும் மோசமாக. கொள்கை வகுக்கிறவர்கள் கை வைக்க வேண்டிய இடம் இது என்பேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இனிப்பு நீருக்கும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினுக்கும் மருந்தாளர்களே தனியாக உட்கார்ந்து நோயாளியோடு பேசும் கிளினிக் நடக்கிறது. அங்கே எதையும் விற்க வேண்டியதில்லை. அந்த மாதிரி ஒரு மேசையைத் தாமான் பார்மசிக்கும் கொண்டுவந்து, அதற்குக் காசும் கொடுத்தால், வைட்டமின் டப்பா தானாகப் பின்னால் போகும்.

இது நமக்கு ஏன் அவசரம் என்றால், 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அந்த 18.3-இல் 8.9, அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு, தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. டாக்டரிடம் போகாதவர்கள் இவர்கள். ஆனால் பனடோல் வாங்கவும் கோடாலித் தைலம் வாங்கவும் பார்மசிக்குப் போவார்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) தேவைப்படாத வரை கிளினிக் படியை மிதிக்காத நம் ஆண்களை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன்.

பினாங்கு லெபோ பாசார் கடைத்தெருவில் மூலிகைப் பொடி வாங்குகிறவர்களும் உண்டு. நானும் வாங்குகிறேன், ரசப்பொடிக்கு அடுத்த தட்டிலேயே இருக்கும். பொடியில் தப்பில்லை. மூட்டுவலிக்கு இரண்டே நாளில் கேட்கும் என்று பெட்டியில் எழுதி வருகிற சாமான் இருக்கிறதே, அதில்தான் பயம். அப்படிப்பட்டவற்றில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்று அதிகாரிகளிடம் மாட்டியது ஒன்றிரண்டு முறை இல்லை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், முகத்தை உப்ப வைக்கும், திடீரென நிறுத்தினால் ஆளையே சாய்க்கும். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் எண்ணுக்குப் பின்னால் ஆங்கில T எழுத்து வரும். எண்ணைப் போலியாகவும் அச்சடிப்பார்கள், அதனால் சந்தேகம் வந்தால் மருந்தாளரிடம் காட்டுவதே நல்லது.

அரசாங்கம் மருந்தாளர்கள் பேச்சைக் கேட்குமா என்று கேட்டீர்கள். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். நம் நாட்டில் மருந்துகளை ஆள்கிற சட்டத்தின் பெயரே விஷச் சட்டம், 1952. விஷப் பட்டியலில் இருந்தால் அதை டாக்டரும் மருந்தாளரும்தான் கொடுக்கலாம், எழுதியும் வைக்க வேண்டும். 2023 மார்ச் 31-ஆம் தேதி திரவ நிக்கோட்டினை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வேப் (மின்சிகரெட்) திரவத்துக்கு வரி போட வழி திறக்க. வேப்பைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டமோ 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை வருடம் ஒரு பள்ளிப் பிள்ளை கடையில் போய் வேப் வாங்கினால் தடுக்க நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. பட்டியலில் ஒரே ஒரு வரி, டீச்சர். நீங்கள் பள்ளியில் இருந்தவர், அந்த வருடங்களில் கழிப்பறையில் என்ன நடந்தது என்பது என்னைவிட உங்கள் சக ஆசிரியர்களுக்குத் தெரியும். எதிர்த்துப் பேசியவர்களில் மருந்தாளர்களும் இருந்தார்கள்.

ஆகவே உங்கள் டாக்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. சட்டம் மாறினாலும் மாறாவிட்டாலும் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளினிக்கில் கொடுக்கும் பொட்டலத்தின் மேல் உங்கள் கணவர் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, தேதி எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. "ரத்தக் கொதிப்பு மாத்திரை" என்று மட்டும் எழுதியிருந்தால் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் டாக்டர் அத்தனை வருடப் பழக்கம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிஸ்கட் டின்னை அப்படியே எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்கின் மருந்துக் கவுண்டருக்குப் போங்கள். காலையில் வேண்டாம், கூட்டம் அம்மும். மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் பேச ஆள் கிடைக்கும். காலாவதியானதை எடுத்து எறிந்துவிட்டுச் சுத்தமாகக் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்காதீர்கள், நம் பெண்கள் டாக்டரிடம் போவதற்கு முன்னால் வீட்டைக் கூட்டுகிற ஜாதி. இருக்கிறபடியே கொண்டுபோங்கள். கடையில் வாங்கிய கேப்சூல், பொடி, யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, எல்லாமும். அவர்கள் சொல்லாமல் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஒன்பதில் இரண்டுக்கு உள்ளே ஒரே பெயர் இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டாலும் எழுதுங்கள், உங்கள் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு இதே பக்கத்தில் போட்டுவிடுகிறேன்.